உம்மோடு எனக்குக் கோவம்

கேள்வி: தியானத்துக்கு வந்த சுவாமி "இயேசுவோடு நண்பரைப் போலக் கதையுங்கள்" என்றார். மகளின் கலியாணப் பேச்சு இரண்டு தரம் குழம்பியதில் ஆண்டவர்மேல் எனக்குச் சரியான கோபம். சொன்னால் பாவமோ என்ற பயத்தில் "உம் திருவுளப்படி ஆகட்டும்" என்றே செபித்து முடிக்கிறேன். இது நட்பா?
– ஒரு வாசகி, பாசையூர்

பதில்: இல்லை, அக்கா. கச்சேரிக்கு மனுக் கொடுக்கப் போகிறவர், உள்ளே இருப்பவரின் முகம் கோணக்கூடாதென்று ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசுவாரே, நீங்கள் செபத்தில் செய்வது அதைத்தான். அதில் மரியாதை இருக்கிறது, நம்பிக்கை இல்லை. கோபத்தைச் சொன்னால் கைவிட்டுவிடுவார் என்று நினைக்கிற ஒருவரை எப்படி நண்பர் என்பது?

ஒருவர் தன் நண்பனோடு பேசுவதுபோல ஆண்டவர் மோசேயோடு பேசினார் என்று விவிலியத்தில் விடுதலைப் பயண நூல் 33இல் இருக்கிறது. அதே மோசேதான் எண்ணிக்கை நூல் 11இல், இந்தச் சனத்தை நானா வயிற்றில் சுமந்தேன், இப்படித்தான் என்னை நடத்துவீர் என்றால் கொன்றுவிடும் என்று கடவுளிடமே வெடிக்கிறார். கடவுள் அவரைத் தண்டிக்கவில்லை, சுமையைப் பங்குபோட 70 பேரைக் கூட்டிவரச் சொன்னார். துன்பத்தில் தன்னோடு வாதாடிய யோபுவைக் கடவுள் கேள்வியால் துளைத்தார், சரி, ஆனால் கடைசியில் சினந்தது கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல்தான். 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது, ஒரு ஆறுதல் வரி கிடையாது. திருச்சபை அதை வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது.

1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் நாங்கள் சாவகச்சேரியில் ஒதுங்கியிருந்தபோது, ஒருநாள் பொழுதுபட என் அம்மம்மா செபமாலையைச் சீலைத் தலைப்பில் முடிந்துவிட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்து, "இண்டைக்கு உம்மோட எனக்குக் கோவம், கதைக்க மாட்டன்" என்றார். எங்கள் ஊரில் கோவம் என்றால் பேச்சுவார்த்தையே இல்லை என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும். ஆனால் மண்ணெண்ணெய்க்கு அவ்வளவு தட்டுப்பாடான நேரத்திலும் படத்துக்கு முன்னால் இருந்த ஜாம் போத்தல் விளக்கை அவர் அணைக்கவில்லை, பாயையும் அதற்குக் கிட்டவே விரித்துப் படுத்தார். விடியற்காலை எழும்பி முதல் வேலையாக முடிச்சை அவிழ்த்தார். கடவுளோடு நட்பு என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த முடிச்சுத்தான் ஞாபகம் வரும்.

திருவுளம் என்று சொல்லவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைதாவதற்கு முன் கெத்சமனியில் இயேசுவும் அதைச் சொன்னார், ஆனால் அதற்கு முதல் இந்தத் துன்பக் கிண்ணத்தை எடுத்துவிடும் என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னார். நீங்கள் அந்த முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் ஒப்புவிக்கிறீர்கள். இன்று இரவு முதல் பாதியைச் சொல்லுங்கள், அழுகை வந்தால் வரட்டும்.

அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். நண்பர் என்றால் அவரும் திருப்பிக் கேட்பார். இரண்டு பக்கக் கடிதத்தில் உங்கள் கவலை இருக்கிறது, சனம் கதைப்பது இருக்கிறது, மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் முதலில் கேட்கப்போவது அதைப் பற்றித்தான் என்று எனக்குப் படுகிறது, அக்கா.