பழைய வாட்ச்சா, புதிய வாட்ச்சா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாழ்நாளில் ஒரே ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்க வேண்டும் என்று சில ஆண்டுகளாகக் காசு சேர்த்து வருகிறேன். சுவிஸ் நிறுவனமான ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்டர் என்பது முடிவாகிவிட்டது. புதியதா, 1960களின் பழையதா என்பதில்தான் குழப்பம். புதியதில் உயிர் இல்லை, பழையதுதான் வாட்ச் என்கிறார் நண்பர். நீங்கள் இரண்டையும் சேகரிப்பவர் என்பதால் கேட்கிறேன். இன்னொன்று: அப்பாவின் வாட்ச் நின்றுபோய் அலமாரியில் கிடக்கிறது. டயல் பழுத்து, புள்ளி விழுந்திருக்கிறது. புது டயல் போட்டு, வெளிக்கூடான கேஸையும் பாலிஷ் செய்து புதுசு போல ஆக்கிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

புதியதை வாங்குங்கள். அப்பாவின் வாட்ச்சில் டயலைத் தொடாதீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

நண்பர் சொல்லும் உயிர் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. 1957இல் ஸ்பீட்மாஸ்டர் கடைக்கு வந்தபோது அதுவும் புது வாட்ச்தான். 1965 மார்ச்சில் நாசா அதை விண்வெளிப் பயணங்களுக்கு ஏற்றுக்கொண்டது அழகுக்காக அல்ல. வெப்பம், குளிர், அதிர்வு, வெற்றிடம் என்று வரிசையாகச் சோதித்தார்கள், அது தாங்கியது. இன்று பழைய வாட்ச்சில் நாம் உணர்கிற அந்த ஏதோ ஒன்று தொழிற்சாலையிலிருந்து வரவில்லை. அதைக் கட்டியிருந்தவர்களிடமிருந்து வந்தது. சிக்கலும் அங்கேதான். பழையதை வாங்கினால், முன்பு அதை வைத்திருந்தவர்கள் அறுபது வருடமாக எடுத்த முடிவுகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் முதலில் கேட்பது ‘ஓடுகிறதா, நேரம் சரியாகக் காட்டுகிறதா’ என்று. நானும் அதைத்தான் கேட்டேன். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். காய்ந்த எண்ணெயைக் கழுவிப் புது எண்ணெய் விடலாம், மெயின் ஸ்பிரிங்கை மாற்றலாம், தேய்ந்த சக்கரத்துக்குப் பதிலாக அதே வகை இயந்திரம் இன்னொன்றிலிருந்து சக்கரம் எடுத்துப் போடலாம். டயலையும் கேஸையும் அப்படி மீட்க முடியாது. போனது போனதுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு 1960களின் குரோனோகிராஃபை, அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரத்தை, கெடுத்து. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘நன்றாக ஓட வேண்டும்’ என்று மட்டும் சொன்னேன். திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது, எனக்கும் சந்தோஷம்தான். இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. வாரை மாட்டும் நான்கு கால்கள், அதாவது லக்குகள், அந்த வாட்ச்சில் நேராக இறங்காமல் லேசாகத் திருகிக்கொண்டு கீழே வளையும். மேலே மினுங்குகிற முகமும் பக்கவாட்டில் மெல்லிய கோடிழுத்த முகமும் சந்திக்கும் இடத்தில் ஒரு விளிம்பு ஓடும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் அளவுக்குக் கூரான விளிம்பு. அது இல்லை. பாலிஷ் சக்கரத்தில் உரசி உரசி, பாதி கரைந்த சோப்பு மாதிரி உருண்டு போயிருந்தது. வேலை செய்தவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. இன்றும் அதைக் கட்டும்போது கட்டைவிரல் தானாக அந்த இடத்துக்குப் போய்த் தேடுகிறது.

அடுத்தது, முட்களிலும் டயலிலும் இருக்கும் ஒளிரும் பூச்சு. ஒரு பழைய வாட்ச்சின் கதையை அதிகமாகச் சொல்வது இதுதான். 1960களின் தொடக்கம் வரை ரேடியம், பிறகு 1990கள் வரை டிரிட்டியம்; இரண்டும் கதிரியக்கப் பொருட்கள். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 12 ஆண்டுகள். 1968இல் செய்த வாட்ச் என்றால் இன்று இருபதில் ஒரு பங்குகூட மிச்சமிருக்காது. ஆகவே அது இருட்டில் ஒளிரக் கூடாது. புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். பழைய பூச்சு கொஞ்சம் மினுங்கினாலும் டார்ச்சை அணைத்ததும் சட்டென்று இறந்துவிடும். விடாமல் பச்சையாக ஒளிர்ந்தால் யாரோ பிற்பாடு புதுப் பூச்சு வைத்திருக்கிறார்கள். முள்ளில் இருப்பது வெளுப்பாகவும் டயலில் இருப்பது பழுப்பாகவும் இருந்தால் முள் மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். (ரேடியம் விஷயத்தில் எச்சரிக்கை. ஒளி போய்விட்டாலும் கதிர்வீச்சு போகவில்லை, அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அந்தப் பூச்சைச் சுரண்டுவதோ அதன் தூளைச் சுவாசிப்பதோ கூடவே கூடாது.)

பெசலில், அதாவது டயலைச் சுற்றி எண்கள் பொறித்த வளையத்தில், ‘90’ என்ற எண்ணையும் அதை ஒட்டியுள்ள புள்ளியையும் பாருங்கள். 1960களின் ஸ்பீட்மாஸ்டரில் புள்ளி அந்த எண்ணின் தலைக்கு மேல் இருக்கும். 1970 வாக்கில் அது பக்கத்துக்கு இறங்கிவிட்டது. 1967 வாட்ச் என்று சொல்லி விற்பவரிடம் புள்ளி பக்கத்தில் இருந்தால், இடையில் எங்கோ பெசல் மாறியிருக்கிறது. அது மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, சர்வீஸில் நடப்பதுதான். ஆனால் விலை அதற்குத் தக்கபடி இறங்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தவர்களே ஏமாறுகிறார்கள். 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1957ஆம் ஆண்டு ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகமே. பல வாட்ச்சுகளின் பாகங்களைக் கோத்துக் கட்டியது அது என்று 2023இல் ஒமேகா அறிவித்தது. இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரே ஒரு வாட்ச் வாங்கப் போகிறீர்கள், அதற்காகப் பல வருடம் காசு சேர்த்திருக்கிறீர்கள். பழைய வாட்ச்சைப் படிக்கக் கண் பழக வேண்டும். ஐம்பது நூறு வாட்ச்சுகளைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் பழகும். அதற்கு முன் சேமிப்பு முழுவதையும் அதில் போட வேண்டாம்.

புதியதில் என்ன கிடைக்கும்? 2021இல் வந்த வாட்ச்சுக்குள் 3861 என்ற இயந்திரம். ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் கண்டுபிடித்த, உரசலைக் குறைக்கும் கோ-ஆக்சியல் அமைப்பு அதில் இருக்கிறது. 15,000 காஸ் காந்தப்புலத்தைத் தாங்கும். பழைய வாட்ச்சை போன் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலோ காந்தம் வைத்த பைக்கு மேலோ வைத்தால், ஓட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங் காந்தமேறி நாளுக்குப் பல நிமிடம் முந்திக்கொண்டு ஓடும். இதில் அந்தக் கவலை இல்லை. மழைக்கும் பயப்பட வேண்டாம். அதே சமயம் பழைய பழக்கமும் போகவில்லை. சாவியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், ஒருமுறை முழுதாகக் கொடுத்தால் 50 மணி நேரம் ஓடும். அந்தப் புள்ளிகூட இந்த மாடலில் மறுபடி 90இன் தலைமேல் ஏறிவிட்டது! சஃபையர், ஹெசலைட் என்று இரண்டு கண்ணாடியில் வருகிறது. நான் ஹெசலைட் என்பேன். அது ஒருவகை பிளாஸ்டிக், சீக்கிரம் கீறல் விழும். ஆனால் கொஞ்சம் பாலிஷ் பசையும் துணியும் இருந்தால் கீறலை நீங்களே எடுத்துவிடலாம், சாய்ந்த வெளிச்சத்தில் அதன் ஓரத்தில் ஒரு மென்மை தெரியும்.

கேஸில் விழும் முதல் கீறல் உங்களுடையதாக இருக்கும். அதை மட்டும் யாரும் எடுக்க விடாதீர்கள்.

சரி, அப்பாவின் வாட்ச். பழைய வாட்ச் வேண்டும் என்ற ஆசைக்கு அது உங்கள் வீட்டிலேயே காத்திருக்கிறது. டயலில் விழுந்திருக்கும் புள்ளிகள் அநேகமாக ஈரத்தால் வந்தவை. உங்கள் அப்பா அதைக் கட்டிக்கொண்டு மழையில் நனைந்திருக்கலாம், கை கழுவியிருக்கலாம். மறுபடி அச்சிட்ட டயல் என்றால் எழுத்து தடித்துவிடும், அந்தப் புள்ளிகளோடு அவர் பார்த்துக்கொண்டிருந்த முகமும் போய்விடும். ஆசையில் சாவி கொடுத்து ஓடுகிறதா என்றும் பார்க்காதீர்கள். எண்ணெய் காய்ந்த இயந்திரம் ஓடினால் அச்சு முனைகள் தேயும். நல்ல ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து இயந்திரத்தை மட்டும் பிரித்துக் கழுவி எண்ணெய் விடச் சொல்லுங்கள். டயலைத் தொடக் கூடாது, கேஸில் பாலிஷ் கூடாது, கழற்றிய பழைய பாகம் எதுவானாலும் கையில் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் டயலையும் நான்கு லக்குகளையும் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட ஆரம்பித்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்