மருமகனும் ஏணியும்

வீடும் கூரையும் – வாசகர் கேள்வி பதில்
(பதில் சொல்பவர் ரொறன்ரோவில் கூரை வேலை செய்து ஓய்ந்து, இப்போது ஆரையம்பதியில் இருக்கிறார்.)

கேள்வி: மகள் குடும்பம் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறது. கூரை ஓரம் முழுக்க ஐஸ் நீளநீளமாகத் தொங்குகிறது என்று படம் அனுப்பினாள். இப்போது மேல்மாடி அறைச் சுவரில் தண்ணீர் ஊறுகிறதாம். மருமகன் கோடரியோடு ஏறிக் கொத்தப் போகிறேன் என்கிறார். எனக்கு இங்கே நித்திரை இல்லை. கூரையில் ஓட்டை இருந்தால் மழைக்கும் ஒழுகியிருக்க வேண்டாமா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அம்மா, முதலில் மருமகனுக்குப் போன் எடுத்து ஏணியைத் திரும்பக் கராஜுக்குள் வைக்கச் சொல்லுங்கள். பனி மூடிய கூரையில் கால் நிற்காது. அந்தக் குளிரில் சிங்கிள், அதாவது அங்கே ஓட்டுக்குப் பதில் கூரையில் அடிக்கும் தகடு, விறைத்துப் போயிருக்கும். கோடரி பட்டால் ஐஸோடு அதுவும் உடைந்து வரும். அப்புறம் மெய்யாகவே ஓட்டைதான்.

மழைக்கு ஒழுகாதது பனிக்கு ஏன் ஒழுகுகிறது என்று சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்குள் ஹீட்டர் போட்டிருப்பார்கள். அந்தச் சூடு சீலிங்கில் உள்ள இடுக்குகளால் மேலே அற்றிக்குக்குள், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளிக்குள், ஏறும். கூரைப் பலகை சூடாகி, மேலே கிடக்கும் பனி அடியிலிருந்து உருகும். உருகிய தண்ணீர் தாவாரத்துக்கு வந்தால் அங்கே கீழே வீடு இல்லை, சூடும் இல்லை, மறுபடி உறைகிறது. இப்படியே படிந்து படிந்து ஓரத்தில் ஒரு ஐஸ் அணை எழும்பிவிடும். மாரியில் முகத்துவாரம் மண்மேடு போட்டு அடைத்துக்கொண்டால் வாவித் தண்ணீர் வயலுக்குள் ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். சிங்கிளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருப்பது மேலிருந்து வழிந்தோடும் தண்ணீருக்கு. தேங்கி நின்று கீழிருந்து மேலே ஏறும் தண்ணீரை அது தாங்காது.

ஆகவே நோய் கூரையில் இல்லை, சீலிங்கில் இருக்கிறது. மகளைத் தெருவில் நின்று பக்கத்து வீடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றக் கூரைகள் வெள்ளையாக இருக்க, இவர்களுடையது மட்டும் மேற்பகுதியில் கறுப்பாகத் தெரிந்தால் சூடு அங்கேதான் போகிறது. அற்றிக் மூடி, சீலிங்குக்குள் பதித்த லைட்டுகள், குழாய் போகும் துவாரங்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குளியலறை விசிறியின் குழாயை வெளியே விடாமல் அற்றிக்குக்குள்ளேயே விட்டிருப்பார்கள். பழைய வீடுகளில் இதை நிறையக் கண்டிருக்கிறேன். முதலில் இடுக்குகளை அடைத்து, பிறகுதான் சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன் படையைக் கூட்டிப் போட வேண்டும். தாவாரத்தின் அடியில் உள்ள காற்றுத் துவாரங்களை இன்சுலேஷனால் மூடிவிடக் கூடாது. வீடு பார்க்கப் போகும் எங்கள் ஆட்கள் குசினிக் கல்லைத் தடவிப் பார்ப்பார்கள், சாமியறைக்கு இடம் தேடுவார்கள். அற்றிக் மூடியைத் திறந்து பார்த்தவரை நான் கண்டதில்லை.

இதெல்லாம் குளிர் விட்ட பிறகு செய்கிற வேலை. இப்போதைக்கு, நீளப் பிடி வைத்த கூரை வாரி கடைகளில் கிடைக்கும். தரையில் நின்றபடி, ஓரத்திலிருந்து மூன்று நான்கு அடி உயரத்துக்குப் பனியை இழுத்துவிட்டால் போதும். சுரண்டி எடுக்க வேண்டாம், மெல்லிய படை ஒன்று கிடக்கட்டும். பிடி அலுமினியம் என்றால் மின்கம்பி பக்கம் போகக் கூடாது. தொங்கும் ஐஸுக்கு நேர் கீழே நிற்கவும் கூடாது. இன்னொன்று: வீட்டுச் சுவரில் ஹீட்டரின் புகைக்குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்த பனி குவிந்து அதை மூடினால் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள் வரலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வாரி முடித்ததும் அந்தக் குழாயை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சுவரில் ஊறுவது நிற்காவிட்டால், நீராவியால் ஐஸை உருக்கி எடுக்கும் ஆட்களைக் கூப்பிட வேண்டியதுதான். செலவு கூட. ஆனால் சிங்கிள் தப்பும்.

கேள்வி: பனி கூரையை இடித்துவிடுமா?
– மாணவன், கல்லடி

பதில்: தம்பி, புதிதாக விழுந்த பஞ்சுப் பனி ஒரு கன மீற்றருக்கு 100 கிலோவுக்குள்தான் வரும். நனைந்து இறுகினால் 300, 400 கிலோவுக்கும் போகும். ஐஸ் ஏறக்குறைய 917. நூறு சதுர மீற்றர் கூரையில் ஓர் அடி ஈரப்பனி கிடந்தால் நீயே பெருக்கிப் பார், ஒன்பது தொன்னுக்குக் குறையாது. கனடாவில் அந்தந்த ஊரின் பனிப் பாரத்தைக் கணக்கிட்டுத்தான் கூரை போடுகிறார்கள், அதனால் சாய்வான வீட்டுக் கூரை சும்மா விழாது. தட்டைக் கூரையும் பழைய கொட்டிலும்தான் பயம். கதவு திடீரென்று இறுகினாலோ, சீலிங் வெடித்தாலோ, மரம் முறுகும் சத்தம் கேட்டாலோ வெளியே வந்துவிட வேண்டும். எங்களுக்குக் கணக்கே வேறு. 1978 நவம்பர் 23 சூறாவளியில் காற்று சீற்றைத் தூக்கிக்கொண்டு போனது. இங்கே கூரையை இழுத்துக் கட்ட வேண்டும், அங்கே தாங்கிப் பிடிக்க வேண்டும்.

கேள்வி: கூரை ஐஸுக்கு உப்புப் போட்டால் என்ன?
– வாசகர், கல்முனை

பதில்: வேண்டாம். உப்பு ஆணியையும் பீலியையும் அரிக்கும், வழிந்து கீழே போய்ப் பூமரத்தைக் கொல்லும். –10 பாகைக்குக் கீழே போனால் அது மந்தமாகவும்தான் வேலை செய்யும். அவசரத்துக்குக் கல்சியம் குளோரைட்டை நைலோன் காலுறையில் நிரப்பி, ஐஸ் அணைக்குக் குறுக்கே விழும்படி வைப்பார்கள். அது ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, தேங்கிய தண்ணீரை வடியவிடும்.