முன்பக்கம் இடிபட்ட மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை வீட்டிலேயே நானே சரிசெய்யலாமா?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தில் ஓடும் 2000-ஆம் ஆண்டு எம்எக்ஸ்-5. இடது முன் மூலையில் இடி. பம்பர், பானெட், இடது ஃபெண்டர், ஹெட்லைட், ரேடியேட்டர் எல்லாம் போய்விட்டன. ஏர்பேக் விரியவில்லை. இன்சூரன்ஸில் ‘கேட்டகரி எஸ்’, அதாவது காரின் கட்டமைப்பு சேதமானாலும் சரிசெய்யக்கூடியது என்று போட்டுவிட்டார்கள். வேண்டுமானால் காரை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஸ்பானர் பிடித்துப் பழக்கம் உண்டு, வெல்டிங் தெரியாது.

நீங்கள் சொன்ன ஐந்து பொருளும் இந்த முடிவுக்குச் சம்பந்தமில்லாதவை. எல்லாமே போல்ட்டைக் கழற்றி மாற்றுகிற சாமான்கள். பழைய கார் உடைக்கும் இடங்களில் இந்த மாடலுக்குப் பஞ்சமும் இல்லை. பார்க்க வேண்டியது பம்பருக்குப் பின்னால் எஞ்சினின் இருபுறமும் ஓடும் இரண்டு சேஸிஸ் ரெயில்களை. அவை நேராக இருந்தால் வீட்டில் செய்யலாம். நெளிந்திருந்தால் உங்கள் கராஜில் எந்தக் கருவியாலும் அதை நேராக்க முடியாது. அதனால் ஆன்லைனில் பானெட் தேடுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். முதல் வேலை அளப்பது. அதற்கு ஒரு மதியம் போதும்.

பம்பரையும் இடது சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரையும் கழற்றிவிட்டு, காரை நான்கு ஆக்ஸில் ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்துங்கள். ஜாக்கியை முன்னால் சப்ஃபிரேமின் (சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின்) நடுவிலும், பின்னால் டிஃபரன்ஷியலுக்குக் கீழும் கொடுத்துத் தூக்கலாம். பிறகு கொத்தனார் வைத்திருப்பாரே, அந்தத் தூக்குக் குண்டு ஒன்று வேண்டும். ரெயில்களில் தொழிற்சாலையிலேயே போட்ட துளைகள் இடது வலது இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும். முன் ஓரத்தில் இரண்டு, நடுவில் இரண்டு, இடி எட்டாத சீட்டுக்குக் கீழ்ப்பகுதியில் இரண்டு என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறியிடுங்கள். சப்ஃபிரேம் போல்ட்டுகளைக் குறிப்புள்ளியாக எடுக்க வேண்டாம். இடியில் சப்ஃபிரேம் தன் துளைக்குள்ளேயே சற்று நகர்ந்திருக்கலாம். அது பொய்க் கணக்கு காட்டும்.

இப்போது குறுக்காக அளக்க வேண்டும். இடது பின் புள்ளியிலிருந்து வலது முன் புள்ளிக்கு ஒன்று, வலது பின்னிலிருந்து இடது முன்னுக்கு இன்னொன்று. வித்தியாசம் 3 மி.மீக்குள் இருந்தால் நல்லது. 6 மி.மீயைத் தாண்டினால் ரெயில் பக்கவாட்டில் தள்ளப்பட்டிருக்கிறது. நேர்நீளத்தையும் இரு பக்கமும் ஒப்பிடுங்கள். இடது குறைவாக இருந்தால் அது மடிந்து சுருங்கியிருக்கிறது. பலர் இதோடு எழுந்துவிடுவார்கள். ரெயில் மேல்நோக்கி வளைந்திருந்தால் குறுக்களவு சரியாகவே வரும்! அதனால் ஒவ்வொரு துளையிலும் நூலின் நீளத்தை, அதாவது தரையிலிருந்து உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டேப் சொல்லாததைக் கண் சொல்லும். உள் ஃபெண்டரில் தகடுகள் சேரும் இடத்தில் பூசியிருக்கும் சீலர் விரிந்திருக்கிறதா, ரெயிலின் பக்கவாட்டில் பெயின்ட் அலையலையாகச் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். ஃபெண்டருக்கும் கதவுக்கும் நடுவே இடைவெளி குறைந்திருந்தால் கவலை இல்லை, பெரும்பாலும் ஃபெண்டர் தள்ளப்பட்டதால் வந்தது. கதவு பூட்டில் உட்கார மறுத்தாலோ, தூக்கி அழுத்த வேண்டியிருந்தாலோ கதை வேறு. கூரை இல்லாத கார் இது. கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியும், இரு சீட்டுகளுக்கும் நடுவே ஓடும் டன்னலும்தான் மொத்த விறைப்பையும் தாங்குகின்றன. இடியின் விசை அங்குவரை போயிருக்கிறது என்றால் வீட்டு ரிப்பேர் என்ற பேச்சே வேண்டாம்.

ரெயிலை அளக்கும்போதே ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்தியும் பாருங்கள். 1998 முதல் 2005 வரை வந்த இந்த இரண்டாம் தலைமுறைக்கு ஒரு தனி வியாதி உண்டு. முன் ரெயிலுக்குள் தகடு மேல் தகடாக வைத்திருக்கிறார்கள். இடையில் புகுந்த ஈரம் வெளியே வர வழியில்லை. பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு வேறு கொட்டுகிறார்கள். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். அடிவிளிம்பு உப்பித் தெரிவதுதான் முதல் அறிகுறி. இது ஏன் இங்கே முக்கியம் என்றால், துருப்பிடித்த ரெயிலை ஜிக்கில் (பட்டறையில் காரைப் பூட்டி இழுத்து நேராக்கும் சட்டத்தில்) பூட்டிச் சங்கிலியால் இழுத்தால் அது நேராகாது, கிழியும். லேசான இடியைத் தாங்கியிருக்க வேண்டிய ரெயில் இவ்வளவு சுலபமாக மடிந்ததற்கே துருதான் காரணமாக இருக்கலாம். அப்படியிருந்தால் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதிய துண்டு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ரெயிலுக்கான ரிப்பேர் துண்டுகள் தயாராகவே கிடைக்கின்றன. ஆனால் வெல்டிங் கற்றுக்கொள்ள இது இடமல்ல. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட் பொருந்தும் இடங்களிலிருந்து 30 செ.மீக்குள் இருக்கும் உலோகத்தை எம்ஓடி என்ற பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனையில் தனியாகப் பார்ப்பார்கள். அங்கே ஒட்டுத்தகடு வைத்தால் சுற்றிலும் விடாமல் வெல்டிங் ஓடியிருக்க வேண்டும், அங்கங்கே புள்ளி வைத்தால் தேறாது. பின்சக்கரத்துக்கு முன்னால் சில்லின் கடைசிப் பகுதியையும் குத்திப் பார்த்துவிடுங்கள். சாஃப்ட் டாப்பின் தண்ணீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால் அங்கேதான் முதலில் ஓட்டை விழும். முன்பக்கம் சரியாகி, பின்பக்கம் மட்கிய கார் யாருக்கும் உதவாது.

அடுத்து சக்கரங்கள். ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடுவுக்கு இருபுறமும் அளக்கவும். இந்தக் காரின் வீல்பேஸ் 2,265 மி.மீ. இடதுபுறம் கணிசமாகக் குறைந்தால் சக்கரத்தைச் சப்ஃபிரேமோடு இணைக்கும் லோயர் ஆர்மோ சப்ஃபிரேமோ வளைந்திருக்கலாம். உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்: லோயர் ஆர்மின் உள்பக்க போல்ட்டுகள் கேம்பர், கேஸ்டர் என்ற சாய்வுக் கோணங்களைத் திருத்துவதற்காக மையம் விலகிய கேம் வைத்தவை. இரு பக்கத்திலும் அந்தக் கேம் குறிகள் ஒரே நிலையில் இருந்தும் நீளம் மாறினால்தான் எதுவோ வளைந்திருக்கிறது. டை ராடு நேராக இருக்கிறதா, ஸ்டியரிங் மையத்திலிருந்து இருபுறமும் ஒரே அளவு சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். வளைந்த ஆர்மைச் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ரேடியேட்டர் உடைந்த பிறகு கார் எவ்வளவு தூரம் ஓடியது? ஓரம் கட்டுவதற்காக 50 மீட்டர் என்றால் பிரச்சினை இல்லை. வீடுவரை ஓட்டி வந்திருந்தால் பிளக்குகளைக் கழற்றி நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பாருங்கள். இரும்பு பிளாக்குக்கு மேல் அலுமினிய ஹெட். சூட்டில் வளைவது ஹெட்தான். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டில் மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏர்பேக் விரியாதது உங்கள் அதிர்ஷ்டம். விரிந்திருந்தால் பேக், கன்ட்ரோல் யூனிட், டாஷ்போர்டு என்று நீண்டு, இந்த வயதுக் காருக்குக் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும். ஆனாலும் இடியின்போது இறுகிய சீட் பெல்ட்டை மாற்றுங்கள். நெய்த பட்டை ஒருமுறை இழுபட்டால் பழைய பலம் திரும்பாது.

இப்போது பணம். காரை வைத்துக்கொண்டால் சால்வேஜ் விலையை, அதாவது உடைந்த நிலையில் காரின் விலையை, கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அந்தக் கழிவுதான் உடைந்த காரை நீங்கள் வாங்கும் விலை; பலர் இதை ‘இலவசமாகக் கிடைத்த கார்’ என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்கு புரிவதற்காக எண்களை நானே வைக்கிறேன், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். முழுத் தொகை 3,000 பவுண்டு, கழிவு 500. ரெயில் நேராக இருந்து, அதே நிறத்தில் பழைய பானெட்டும் ஃபெண்டரும் கிடைத்தால் சாமான் 600, அலைன்மென்ட் முதலியவை 150, மொத்தம் 1,250. தாராளமாகச் செய்யலாம். ரெயில் வளைந்திருந்தால் ஜிக், வெல்டிங் 800, பெயின்ட் 700, சாமான் 900 என்று கழிவோடு சேர்த்து 2,900-க்கு வந்து நிற்கும். கையில் இருப்பதோ ‘எஸ்’ முத்திரை குத்திய, சந்தையில் விலை இறங்கிய கார். அந்தப் பணத்துக்கு இடிபடாத இன்னொரு எம்எக்ஸ்-5 வாங்கி, உங்களுடையதில் நல்லதாக உள்ள எஞ்சின், ஹார்ட் டாப், சீட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றுவிடலாம்.

இரண்டுக்கும் நடுவே, வித்தியாசம் 4, 5 மி.மீ, துருவும் இல்லை என்றால், நான் சொல்வது வேலையைப் பங்கு போடுவதை. கழற்றுவது நீங்கள், இழுத்து நேராக்குவது ஜிக் உள்ள பட்டறை, பூட்டுவது மறுபடி நீங்கள். பட்டறைச் செலவில் பெரும்பகுதி கழற்றிப் பூட்டும் கூலிதான். முன்பக்கம் வெறும் எலும்பாக ட்ரெய்லரில் போய் நின்றால் அந்தக் கூலி மிச்சம். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளை அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் பட்டறை வேண்டாம்.

கழற்றும்போது: பேட்டரி இந்தக் காரில் டிக்கியில் இருக்கிறது. நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்து, பிறகே ஏர்பேக் வயர்களின் பக்கம் கை வையுங்கள். ஏசி இருந்து, கண்டென்சர் இன்னும் உடையாமல் இருந்தால் வாயுவை நீங்களாகத் திறந்துவிடக் கூடாது. சான்றிதழ் உள்ளவர்தான் எடுக்க வேண்டும். ஏற்கெனவே கசிந்துவிட்டது என்றால் குழாய் வாய்களை உடனே அடைத்து, பூட்டும்போது ஏசியில் ஈரத்தைப் பிடிக்கும் ரிசீவர் டிரையரைப் புதிதாகப் போடுங்கள். திறந்து கிடந்தால் ஈரத்தை உறிஞ்சிவிட்டிருக்கும்.

வீட்டிலேயே வேலை செய்பவர்கள் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்வது லோயர் ஆர்ம் போல்ட்டுகளில். ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு போல்ட் துருவால் ஒன்றாகிவிடும். நீண்ட கம்பி போட்டுத் திருப்பினால் போல்ட்டோடு புஷ்ஷும் சுற்றி ரப்பர் கிழியும், போல்ட் வராது. இரண்டு நாள் எண்ணெய் ஊறவைத்தும் அசையவில்லை என்றால் நேரத்தை வீணாக்காமல், புஷ்ஷுக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவே இருபுறமும் ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். புது கேம் போல்ட்டும் புஷ்ஷும் ஆரம்பத்திலேயே சாமான் பட்டியலில் இருக்கட்டும். பூட்டும்போது இந்தப் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று காரின் எடை முழுவதும் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையில் இருந்து சில மாதத்தில் கிழியும்.

பானெட் அலுமினியம். இரும்பைத் தேய்த்த அதே உப்புத்தாளால் அதைத் தேய்த்தால் இரும்புத் துகள் பதிந்து பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். பெரிதாக மடங்கிய அலுமினியத்தைத் தட்டி எடுப்பதைவிட வேறொன்று வாங்குவது மலிவு. பட்டி தேய்ப்பது, பிரைமர் வரை நீங்கள் செய்யலாம். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. கடையில் கிடைக்கும் கார்பன் முகமூடி அதற்குப் போதாது, வெளிக்காற்று ஊட்டும் முகமூடி வேண்டும். அதைப் பெயின்ட் பூத் வைத்திருப்பவரிடமே கொடுங்கள். பழைய சிவப்பு என்றால் கதவுவரை நிறத்தைக் கலந்து அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஃபெண்டர் மட்டும் தனியாகத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் கூலன்ட் சுமார் 6 லிட்டர் பிடிக்கும். மூக்கைச் சற்றுத் தூக்கி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேறும்வரை ஓடவிடுங்கள். பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட். இடது வலது கேஸ்டரில் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் நின்று, கேம் போல்ட்டைக் கடைசிவரை திருப்பியும் சேரவில்லை என்றால், எங்கோ ஒரு வளைவு உங்கள் டேப்பிலிருந்து தப்பியிருக்கிறது. அலைன்மென்ட் அளவுகளை அச்சடித்துத் தரும் தாளை எறிந்துவிடாதீர்கள்.

காகித வேலையும் இருக்கிறது. கேட்டகரி எஸ் என்பதால் வி5சி என்ற பதிவுப் புத்தகத்தை இன்சூரன்ஸிடம் கொடுத்துவிட்டு, வி62 படிவத்தில் இலவசமாகப் புதிய புத்தகத்துக்கு வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவிடம் விண்ணப்பிக்க வேண்டும். புதியதில் ‘எஸ்’ பதிவாகி வரும். அடுத்த இன்சூரன்ஸ் எடுக்கும்போது இதை மறைத்தால் க்ளெய்ம் நேரத்தில் பாலிசியே செல்லாமல் போகலாம். சிலர் ‘எஸ்’ என்று கேட்டதும் பாலிசி தர மறுப்பார்கள். அதனால் காரை வைத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடும் முன்பே இரண்டு மூன்று இடங்களில் போன் செய்து கேட்டுவிடுங்கள்.