நேற்றுக்கு ஏன் போக முடியவில்லை?

அன்புள்ள அண்ணனுக்கு,

டியூஷன் பிள்ளைகளுக்குக் காலம் நான்காவது பரிமாணம் என்று சொல்லிக்கொடுத்தேன். "சூலே பகோடா பக்கம், மூன்றாவது மாடி என்றால் போதாது, எத்தனை மணிக்கு என்றும் சொன்னால்தான் சந்திக்க முடியும்" என்றேன். ஒரு பையன், "அப்போ மாடியில் ஏறி இறங்குவதுபோல நேற்றுக்கும் போகலாமா சார்?" என்றான். முழித்தேன்.

— ஒரு வாசகர், இன்செயின்

அன்புள்ள தம்பி,

பையன் கெட்டிக்காரன். நான்கு எண் வேண்டும் என்பதோடு நிறுத்தினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். அறையின் வெப்பநிலையையும் சேர்த்தால் ஐந்து எண்தான், அதற்காக வெப்பம் பரிமாணமாகிவிடுமா? காலம் இடத்தோடு கலக்கிறது, அதனால்தான் அது பரிமாணம்.

உங்கள் ஊர் வழியாகப் போகிற மியோபட் யத்தாவையே, அதுதான் ரங்கூனைச் சுற்றிவரும் ரயிலையே, எடுத்துக்கொள்ளுங்கள். ரங்கூன் சென்ட்ரலில் ஏறி, தன்யின்கோன் சந்தையில் கீரைக்கட்டுகளை ஜன்னல் வழியே திணிப்பதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு, சுமார் 46 கிலோமீட்டர் சுற்றி, மூன்று மணி நேரம் கழித்து அதே பிளாட்பாரத்தில் இறங்குகிறோம். தாளில் அது வட்டம். நேரத்தை உயரமாக வைத்து வரைந்தால் வட்டம் மூடாது. ஸ்பிரிங்கின் ஒரு சுற்று மாதிரி, கிளம்பின புள்ளிக்கு நேர் மேலே போய் நிற்கும். எவ்வளவு மேலே? நேரத்தை நீளமாக்க ஒளியின் வேகத்தால் பெருக்க வேண்டும், வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்கு 324 கோடி கிலோமீட்டர்! சூரியனிலிருந்து யுரேனஸ்கூட அவ்வளவு தூரமில்லை. அந்த உயரத்தில் 46 கிலோமீட்டர் வளைவு எங்கே தெரியப்போகிறது? காலமும் இடமும் கலந்து கிடப்பது நம் கண்ணில் படாததற்குக் காரணம் இந்த அளவுதான்.

சரி, கலப்பது எப்படி? பிதாகரஸில் வர்க்கங்களைக் கூட்டுகிறோம். 1908இல் கொலோன் நகரத்து உரையில் கணித மேதை மின்கோவ்ஸ்கி முன்வைத்த வடிவியலில் கால வர்க்கத்திலிருந்து இட வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். எல்லாம் அந்தக் கழித்தல் குறியில் இருக்கிறது. கழித்து மிஞ்சுவதிலிருந்துதான் அவரவர் கடிகார நேரம் வருகிறது. சென்ட்ரலிலேயே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் கடிகாரத்தைவிட, சுற்றி வந்தவரின் கடிகாரம் கொஞ்சம் குறைவாக ஓடியிருக்கும். ரயில் ஒரே சீராக ஓடினால், வினாடியில் சுமார் லட்சம் கோடியில் ஒரு பங்கு. (சிரிக்காதீர்கள், 1971இல் அணுக்கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிவந்து இந்த வகை வித்தியாசத்தை அளந்தே பார்த்துவிட்டார்கள்.)

பையனுக்கான பதிலும் அந்தக் குறிதான். வேகம் கூடக்கூட நம் படத்தில் கோடு சாயும், 45 பாகையில் ஒளி. கிழக்கே போகிறவன் வடக்கே திரும்பி அப்படியே மேற்கே போகலாம், தடுப்பில்லை. நாளையிலிருந்து நேற்றுக்குத் திரும்ப அந்த 45 பாகையைத் தாண்டிச் சாய வேண்டும். எடையுள்ள எதுவும் அதை எட்டக்கூட முடியாது.

அப்புறம், உடைந்த முட்டை ஏன் ஒட்டுவதில்லை என்று அவன் கட்டாயம் கேட்பான். அது என்ட்ரோபி, அதாவது ஒழுங்கு குலைந்துகொண்டே போகிற சமாச்சாரம், இதோடு போட்டுக் குழப்பாதீர்கள்.