ஓவியக் கேள்வி-பதில்: ஈர வெள்ளை, பழுப்பு, ஒரு ஃபார்த்திங்

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர்கள் மில்லே, ஹோல்மன் ஹன்ட் படங்களின் பளிச்சென்ற நிறத்துக்காக வெள்ளைப் பூச்சின் மேல் எண்ணெய் வண்ணம் தீட்டினேன். சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளிறுகிறது. ஏன்?
(ஓவிய ஆசிரியை, பாலக்கோடு)

பதில்: தூரிகையை அழுத்துகிறீர்கள், அடியிலிருக்கும் ஈர வெள்ளை மேலே கலந்துவிடுகிறது. ஹன்ட் செய்த வழி இது: நன்றாகக் காய்ந்த வெள்ளைத் தளத்தில் கோட்டோவியம். அன்று முடிக்கப்போகும் பகுதியில் மட்டும், மை ஒற்றும் தாளில் வைத்து எண்ணெயை இறக்கிய வெள்ளையில் ஒரு சொட்டு வார்னிஷ் சேர்த்து, கோடு தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பரப்ப வேண்டும். அது ஈரமாக இருக்கும்போதே மென்மயிர்த் தூரிகையால் ஒளி ஊடுருவும் நிறங்களை ஒரே தடவையில் வைக்க வேண்டும். திருத்தப் போனால் சேறுதான். நம் தருமபுரி வெயிலில் எண்ணெய் சீக்கிரம் இறுகும், அதனால் உள்ளங்கை அகலத்துக்கு மேல் தொடங்காதீர்கள். அவர்கள் கையாண்டது ஈய வெள்ளை. அது நஞ்சு, வகுப்பறைக்கு டைட்டானியம் போதும்.

கேள்வி: இத்தனை பாடுபட்டவர்களை 1850-ல் ஏன் திட்டினார்கள்?
(வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: விமர்சகர்களின் கண் அன்றைய படங்களின் பழுப்பு நிறத்துக்குப் பழகியிருந்தது. அந்தப் பழுப்பில் பெரும்பங்கு பிட்டுமென், அதாவது தார் வகை. அது முழுதாகக் காய்வதே இல்லை. மேல்பூச்சு இறுகும், அடியில் தார் நகரும், கடைசியில் படம் கோடையில் வற்றிய பாரூர் ஏரிபோல் வெடிக்கும். அந்த ஆண்டு மில்லே தச்சுப்பட்டறையில் இயேசுவின் குடும்பத்தை வரைந்தபோது, டிக்கன்ஸ் தன் வார இதழில் மரியாளின் முகத்தையே இழிவாக எழுதினார். (நாவலில் ஏழைகளுக்காக உருகியவர்!) 1851-ல் கலை விமர்சகர் ரஸ்கின் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதி இவர்களுக்காகப் பேசினார். முகங்களில் குறை சொன்னார்தான். ஆனால் இவர்களின் நண்பரான ஓவியர் காலின்ஸ் படத்தின் அல்லியையும் அலிஸ்மா என்ற நீர்ச்செடியையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். விமர்சனம் என்றால் இப்படிச் செடியைக் காட்டிப் பேச வேண்டும்.

கேள்வி: அதே ரஸ்கின் ஓவியர் விஸ்லரிடம் வழக்கில் தோற்றாராமே?
(வாசகி, ஊத்தங்கரை)

பதில்: ஆம். 1877-ல் இரவு வாணவேடிக்கைப் படம் ஒன்றுக்கு விஸ்லர் 200 கினி (பழைய ஆங்கிலேயப் பண அலகு) விலை சொன்னதும், மக்கள் முகத்தில் வண்ணச் சட்டியை வீசுகிறார் என்று எழுதினார் ரஸ்கின். இலையை எண்ணிப் பழகிய கண்ணுக்கு இருட்டில் எண்ண ஒன்றுமில்லை. 1878 நவம்பரில் விஸ்லர் வென்றார். இழப்பீடு ஒரு ஃபார்த்திங், கால் பென்னி. வழக்குச் செலவு தனியாக ஏறியது. மறு ஆண்டே விஸ்லர் திவாலானார்.