மழை காலத்தில் தூண்டில் றொட்டின் நூல் கட்டு ஏன் மங்குகிறது?

றொட்டில் கைட்டை (தூண்டில் நரம்பு ஓடும் வளையம்) நூலால் கட்டி, அதன் மேல் எப்பொக்சி (ரெசின், ஹார்ட்னர் என்ற இரண்டைக் கலந்தால் இறுகும் பூச்சு) பூசினால், காய்ந்த பிறகு நூல் மேல் பால் படிந்த மாதிரி மங்கிவிடுகிறது, வேறு பிராண்ட் வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தேவைப்படாது. மங்கல் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்: பூச்சின் மேலேயா, பூச்சுக்குள்ளேயா, நூலிலேயா?

நன்றாக இறுகிய பிறகு வெதுவெதுப்பான சோப் தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். மங்கல் போனாலோ, விரலில் மெழுகு மாதிரி வழுக்கினாலோ, அது ஈரத்தின் வேலை. ஹார்ட்னரில் உள்ள அமீன் என்ற இரசாயனம், ரெசினோடு சேருவதற்குப் பதிலாகக் காற்றிலுள்ள ஈரத்தோடும் காபனீரொட்சைட்டோடும் சேர்ந்து மேலே ஒரு படலமாகிவிடுகிறது.

நான் மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் இந்தத் தொல்லை குறைவு. அப்போது தூசிதான் பிரச்சினை, எப்பொக்சியும் கிண்ணத்திலேயே சீக்கிரம் இறுகப் பார்க்கும். மாரியில், அதுவும் வாவிக் கரை வீடென்றால், சுவரே வியர்க்கிறது. நம்மில் பலர் வேலை முடிந்து வந்து இரவில்தான் பூசுகிறோம். ஈரப்பதம் ஏறுவதும் அந்த நேரத்தில்தான். மழை விட்ட நாளில், காலை பத்து மணி தாண்டிப் பூசுங்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்று அறையில் இருக்கட்டும். 80 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நான் எப்பொக்சியைத் திறப்பதே இல்லை. அவசரமென்றால் பலகைப் பெட்டிக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்ப் போட்டு, அதற்குள் றொட்டைச் சுற்றவிடலாம். காற்று சூடானால் அதன் சாரீரப்பதன், அதாவது ஈரப்பதமானி காட்டும் சதவீதம், இறங்கும். பல்ப் பூச்சுக்கு மிக அருகில் வேண்டாம்.

குமிழை உடைக்க ஸ்ட்ரோ வைத்து வாயால் ஊதும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வெளிவிடும் மூச்சில் ஈரமும் காபனீரொட்சைட்டும் கூடுதலாக இருக்கும்! ஸ்பிரிட் விளக்கின் சுவாலையைச் சற்றுத் தள்ளிக் காட்டி, நிற்காமல் நகர்த்தினால் போதும்.

துடைத்தும் போகவில்லையா? ஃபோன் கமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். பூச்சுக்குள் பொடிப் பொடியாகத் தெரிந்தால் அவை நுண்குமிழ்கள். முட்டை அடிப்பது போலக் கலக்கினால் இப்படித்தான் வரும். ரெசினும் ஹார்ட்னரும் சம அளவு எடுக்கும் வகையென்றால் சிறிஞ்சில் சரியாக அளந்து, தட்டையான குச்சியால் மெதுவாக, கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். பிறகு தட்டையான அலுமினியத் தாளில் பரப்பிச் சற்று விடுங்கள். பாதிக் குமிழ் தானே போய்விடும். ஹார்ட்வெயார் கடையின் ஐந்து நிமிட எப்பொக்சி இதற்குச் சரிவராது; அது மட்டமாவதற்குள் இறுகிவிடும், நாளடைவில் மஞ்சளும் ஆகும்.

நூலுக்குள் மங்கல் என்றால், கலர் பிரிசர்வர் (நூலின் நிறம் மாறாமலிருக்க எப்பொக்சிக்கு முன் பூசும் திரவம்) பூசினீர்களா என்று யோசியுங்கள். அதில் பல வகைகள் தண்ணீர் கலந்தவை: பூசும்போது பாலாக இருக்கும், காய்ந்தால் தெளியும். முழுதாகக் காயுமுன் எப்பொக்சி போட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும். மாரியில் டப்பியில் போட்ட நேரத்தை நம்பாமல் இரட்டிப்பாகக் காயவிடுங்கள். பார்மசியில் வாங்கும் 70% ஐசோப்ரொபைல் அற்ககோலிலும் மீதி தண்ணீர்தான், துடைத்ததும் பூசக் கூடாது. பிரிசர்வரே போடாமல், சாதாரண நைலோன் நூல் சில இடத்தில் மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரிந்தால் அது மங்கலே அல்ல. எப்பொக்சி ஒரே சீராக ஊறவில்லை.

மேற்பரப்பு மங்கலுக்கு: கழுவி, உலர்த்தி, 400 நம்பர் மண் தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, காய்ந்த நாளில் மெல்லிய இன்னொரு பூச்சு. கழுவுமுன் தேய்த்தால் அந்த மெழுகு உள்ளே இறங்கிவிடும். நூலுக்குள் என்றால் வேறு வழியில்லை, பிரிக்கத்தான் வேண்டும். லேசாகச் சூடாக்கி, கைட்டின் உலோகக் காலுக்கு மேலே மட்டும் பிளேடை ஓட்டுங்கள். காபன் தடியில் பிளேடு பட்டால், பெரிய கொடுவா இழுக்கிற அன்று அந்த இடத்தில்தான் முறியும்.