ட்ரோன் பிரிவுக்குப் போன பையன் பைலட் இல்லையா? சாத்தூர் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா.

பையன் விமானப்படைக்குப் போகிறான், பைலட் ஆகப்போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டோம், இப்போது ஆளில்லா விமானப் பிரிவு என்கிறார்கள், சொந்தக்காரர்கள் "அப்போ ரிமோட் வச்சு ஓட்டுறதுதானா?" என்று கேட்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். பதவி உயர்வு வருமா, வெளியே வந்தால் ஏர்லைன்ஸில் எடுப்பார்களா, பத்து வருஷம் கழித்து இந்த வேலையே இருக்குமா என்பது உங்கள் கவலை. பையன் போனில் முன்போலப் பேசுவதில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தப் பிரிவைப் பற்றிச் சொல்கிறேன். 2022 அக்டோபர் 8, விமானப்படை தினத்தன்று சண்டிகரில், அப்போதைய தளபதி வி.ஆர். சவுதரி 'வெப்பன் சிஸ்டம்ஸ்' என்ற புதிய பிரிவை அறிவித்தார். சுதந்திரத்துக்குப் பிறகு போர்ச்செயல்பாட்டுக்கென்று புதிதாகத் தொடங்கப்பட்ட முதல் பிரிவு அது. ஆளில்லா விமானம் இயக்குபவர்கள், தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகளை இயக்குபவர்கள், சுகோய் மாதிரியான இரண்டு இருக்கை விமானங்களில் பின்னால் உட்கார்ந்து ஆயுதங்களைக் கவனிப்பவர்கள் எல்லாரும் இதற்குள் வருகிறார்கள். 2024 ஜூலையில் இவர்களுக்கென்றே ஹைதராபாத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியையும் திறந்தார்கள். அதற்கு முன்னால் வேறு விமானம் ஓட்டியவர்களையும், விமானத்தில் வழி பார்த்துச் சொல்லும் நேவிகேட்டர்களையும்தான் இந்த வேலைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். இப்படி இரவல் ஆட்களை வைப்பதற்கும் தனிப் பிரிவு வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் உங்கள் பையனின் எதிர்காலம் இருக்கிறது. ஏன் என்பதற்கு அமெரிக்கக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே இதே கேள்வி பதினைந்து வருஷத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் ட்ரோனுக்குத் தேவை எகிறியபோது, 2008-ல் அமெரிக்க விமானப்படை ஒரு முடிவெடுத்தது. விமானி பயிற்சி முடித்து வெளியே வரும் இளைஞர்களில் ஒரு பகுதியினரை, போர் விமானத்துக்கோ சரக்கு விமானத்துக்கோ அனுப்பாமல், நேராக ட்ரோனுக்கு அனுப்பினார்கள். சில வருஷம் இருந்துவிட்டு விமானத்துக்குத் திரும்பலாம் என்பது பேச்சு. ஆனால் ஆள் பற்றாக்குறை தீரவே இல்லை. திரும்ப வேண்டிய பலரை இன்னும் கொஞ்ச காலம் இருங்கள் என்று நிறுத்திவைத்தார்கள். இரவல் ஆட்களை வைத்து ஓட்டினால் அப்படித்தான் ஆகும். அந்த ஆட்களுக்கு அங்கேயும் வேரில்லை, இங்கேயும் வேரில்லை.

பதவி உயர்வில் அது அப்படியே தெரிந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2006-லிருந்து நடந்த 24 பதவி உயர்வுத் தேர்வுகளில் 20-ல் ட்ரோன் விமானிகள் சராசரிக்குக் கீழே இருந்தார்கள். சொல்லப்பட்ட காரணங்களைக் கவனியுங்கள் அம்மா. இடைவிடாத ஷிஃப்ட் வேலையால், மேற்பதவிக்கு வேண்டிய ராணுவப் படிப்புகளையும் மேற்பட்டங்களையும் முடித்தவர்கள் இவர்களில் குறைவு. மற்றப் படைப்பிரிவுகளின் தலைவர்கள் தங்கள் சிறந்த ஆட்களைத் தங்களிடமே வைத்துக்கொண்டு மற்றவர்களை ட்ரோனுக்கு அனுப்பினார்கள் என்பது இன்னொரு காரணம். ட்ரோன் ஓட்டியதற்காக யாருக்கும் மதிப்பெண் குறையவில்லை. வளர நேரம் கொடுக்காமல் வேலை வாங்கியதால் பின்தங்கினார்கள்.

மரியாதை விஷயத்திலும் சறுக்கல் இருந்தது. 2013 பிப்ரவரியில் ட்ரோன் விமானிகளுக்கும் கிடைக்கும்படி ஒரு தனிப் பதக்கம் அறிவித்தார்கள். போர்க்களத்தில் ரத்தம் சிந்தியவர்களின் பதக்கத்துக்கு மேலே இதை வைப்பதா என்று முன்னாள் வீரர்கள் கொதித்தார்கள். இரண்டே மாதத்தில் பதக்கம் ரத்து. 'அப்போ பைலட் இல்லையா?' என்று உங்கள் சொந்தக்காரர்கள் கேட்பதை அமெரிக்காவே ஒரு தடவை கேட்டு முடித்துவிட்டது.

அப்புறம் என்ன நடந்தது என்பது முக்கியம். இதற்கிடையிலேயே ட்ரோன் விமானிக்கென்று தனித் தொழில்பிரிவு உருவாக்கியிருந்தார்கள். அதில் சேர்பவர்களையும் கொலராடோவில் புவெப்லோ என்ற ஊரில் சின்ன விமானத்தில் ஏற்றி, தனியாக ஓட்டிக் காட்டச் சொன்ன பிறகே அடுத்த கட்டத்துக்கு அனுப்பினார்கள். 2015-ல் அவர்களுடைய மாதாந்திரப் படியை 650 டாலரிலிருந்து 1,500 டாலர் வரை உயர்த்தினார்கள். பணியில் நீடித்தால் ஆண்டுக்கு 35,000 டாலர் வரை ஊக்கத்தொகை என்ற நிலைக்குப் பின்னால் வந்தது. 2017 வாக்கில், அங்கே எந்த ஒரு ரக விமானத்தை ஓட்டுபவர்களைவிடவும் ட்ரோன் ஓட்டுபவர்கள் எண்ணிக்கையில் அதிகம். ஒதுக்கப்பட்ட வேலையாக ஆரம்பித்தது பத்து வருஷத்துக்குள் இல்லாமல் முடியாத வேலையாகிவிட்டது.

நம் நாடு அந்த இரவல் கட்டத்தை ஓரளவு தாண்டி, தனிப் பிரிவாகத் தொடங்கியிருக்கிறது. இதனால் விமானிப் பயிற்சிச் செலவில் 3,400 கோடி ரூபாய்க்கு மேல் மிச்சமாகும் என்று அந்த அறிவிப்பின்போது தளபதியே சொன்னார். இவ்வளவு மிச்சம் தரும் ஏற்பாட்டை யாரும் பாதியில் கைவிட மாட்டார்கள். 2024 அக்டோபரில் 31 எம்.க்யூ-9பி ஆளில்லா விமானங்களுக்கு அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டாயிற்று: கடற்படைக்கு 15, ராணுவத்துக்கு 8, விமானப்படைக்கு 8. நம் பக்கத்திலேயே பாருங்கள். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து குத்தகைக்கு எடுத்த அதே குடும்பத்து ட்ரோன்கள் 2020 நவம்பரிலிருந்து பறக்கின்றன. ராமநாதபுரம் உச்சிப்புளியில் உள்ள பருந்து தளத்தில் ட்ரோனுக்கென்றே ஒரு கடற்படை ஸ்குவாட்ரன் 2012-லிருந்து இருக்கிறது. வேலை இருக்குமா என்ற கவலை வேண்டாம்.

பதவி உயர்வுக்கு வருவோம். இந்திய விமானப்படையில் ஃப்ளையிங் ஆபீசராகச் சேர்பவர் 2 வருஷத்தில் ஃப்ளைட் லெஃப்டினன்ட், 6 வருஷத்தில் ஸ்குவாட்ரன் லீடர், 13 வருஷத்தில் விங் கமாண்டர். இது கால அடிப்படையில் வருவது, எந்தப் பிரிவாக இருந்தாலும் ஒன்றுதான். உரிய தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும், அவ்வளவே. அதற்கு மேலே குரூப் கேப்டன் என்று போகும்போது தேர்ந்தெடுப்பார்கள். உண்மையான போட்டி அங்கேதான். புதிய பிரிவு என்பதால் மேலே உட்கார்ந்து கைதூக்கிவிடும் சீனியர்கள் இவர்களுக்குக் குறைவு. அதே காரணத்தால் அந்த இடங்களுக்கு முதலில் வரப்போவதும் இந்த முதல் சில பேட்ச்தான். உச்சிப் பதவி கிடைக்குமா என்று கேட்டால், அது தலைமுறைக் கணக்கு. ஹெலிகாப்டர் ஓட்டிய ஒருவர் முதல் தடவையாக விமானப்படைத் தளபதி ஆனது 2007-ல், ஃபாலி ஹோமி மேஜர். விமானப்படை தொடங்கி 75 வருஷம் ஆகியிருந்தது. ட்ரோன் பிரிவுக்காரர் அந்த நாற்காலிக்கு வருவார் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஏர்லைன்ஸ் விஷயத்தில் நேராகவே சொல்லிவிடுகிறேன். ட்ரோன் ஓட்டிய மணிக்கணக்கை வைத்து ஏர்லைன்ஸ் போக முடியாது. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு, பயணிகள் விமானத் துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. கேட்கும் 200 மணி நேரம், நிஜ விமானத்தில் உட்கார்ந்து ஓட்டிய நேரம். போர் விமானமோ சரக்கு விமானமோ ஓட்டிய அதிகாரிக்கு ஓய்வுக்குப் பின் திறந்திருக்கும் அந்தக் கதவு உங்கள் பையனுக்குத் தானாகத் திறக்காது. வேண்டுமென்றால் தன் காசில், லட்சக்கணக்கில் செலவழித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை இப்போதே அவன் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் வேறு கதவுகள் இருக்கின்றன. கல்யாண வீட்டில் ட்ரோன் பறக்கவிடும் தம்பிக்கும், 2021 ட்ரோன் விதிகளின்படி பத்தாவது படித்து சில நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்குபவருக்கும், உங்கள் பையன் செய்யப்போகும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. அவன் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். கன்டெய்னர் அளவில் ஓர் அறை, நல்ல ஏசி குளிர், திரைகள் நிறைந்த மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் விமானி, பக்கத்தில் கேமராவையும் சென்சாரையும் பார்ப்பவர். செயற்கைக்கோள் வழியாகக் கட்டளை போய்ப் படம் திரும்பி வர ஒரு நொடிக்கு மேல் ஆகும் தூரத்தில் விமானம். அந்தத் தாமதத்தோடு தரையிறக்குவது ஆபத்து என்பதால், ஓடுதளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு குழு நேரடி ரேடியோ இணைப்பில் அதைக் கையில் எடுத்துக்கொள்ளும். புதிய ரகங்கள் தாமாகவே இறங்கவும் செய்கின்றன. பழைய இஸ்ரேலிய ட்ரோனான சர்ச்சரில் இதற்கென்றே ஓடுதள ஓரத்தில் நின்று கண்ணால் பார்த்து ஏற்றி இறக்குபவரை எக்ஸ்டர்னல் பைலட் என்றும், உள்ளே உட்கார்ந்து ஓட்டுபவரை இன்டர்னல் பைலட் என்றும் சொல்வார்கள். வானிலை, வான்வெளிச் சட்டம், கன்ட்ரோல் டவரோடு பேச்சு எல்லாம் மற்ற விமானிகளுக்குப் போலவே இவர்களுக்கும் வேண்டும்.

இந்த அனுபவத்துக்கு வெளியே எடுப்பு இருக்கிறது. பெரிய ட்ரோன்களைச் சோதித்துப் பார்க்க, பயிற்றுவிக்க, பயணிகள் விமானங்களோடு ஒரே வானத்தில் பறக்கவிடும் நடைமுறையை வகுக்க ஆள் வேண்டும். நம் மாநிலத்தில் ஆளில்லா விமானங்களுக்கென்றே 2022-ல் ஓர் அரசு நிறுவனம் தொடங்கினார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சியை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடமும் இருக்கிறது. ஆனால் வெறும் 'ஓட்டினேன்' என்பது போதாது. உங்கள் பையன் பொறியியல் படித்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள். மின்னணுத் தகவல்தொடர்பு, படப் பகுப்பாய்வு, சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் மாதிரி ஒன்றில் பணியில் இருக்கும்போதே முதுகலை முடித்துவிட்டால், 35 வயதில் வெளியே வந்தாலும் அவனைத் தேடுவார்கள்.

நியமனம் குறுகிய காலப் பணியா, நிரந்தரமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிறைய பெற்றோர் இதை விட்டுவிடுகிறார்கள். குறுகிய காலப் பணியென்றால் ஓய்வூதியம் கிடையாது. அதற்கு 20 வருஷ சேவை வேண்டும். அப்படியானால் மேலே சொன்ன படிப்பு இரண்டு மடங்கு அவசியம். முதல் மாதச் சம்பளத்திலிருந்தே சேமிப்பும் வேண்டும்.

இன்னொன்று, ஒரே ஒரு ரக விமானத்தோடு தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளக் கூடாது. உலகமே பேசிய பிரிடேட்டர் ட்ரோனை அமெரிக்கா 2018-ல் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. அதற்கு அடுத்து வந்த ரீப்பரையே ஏமனில் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் பல தடவை சுட்டு வீழ்த்தியிருக்கிறார்கள். இப்போது போர் விமானத்தோடு கூடவே பறக்கும் துணை ட்ரோன்கள் வருகின்றன. அமெரிக்காவின் முதல் மாதிரி 2025 ஆகஸ்டில் பறந்தது, இங்கே அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். தன் 'வாரியர்' மாதிரியின் இன்ஜினை 2025 ஜனவரியில் தரையில் ஓட்டிப் பார்த்தது. கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் வேலை குறைந்து, நாலைந்து இயந்திரங்களுக்கு என்ன செய்வது என்று முடிவு சொல்லும் வேலை கூடும். அதற்குப் பழகியவர்கள் எந்த விமானம் போனாலும் நிற்பார்கள்.

இனி, பையன் சரியாகப் பேசாத விஷயம். வானத்தில் ஏறி ஓட்ட வேண்டும் என்று சின்ன வயசிலிருந்து ஆசைப்பட்டவனுக்கு இது இழப்புதான். 'உயிருக்கு ஆபத்து இல்லையே, நல்லதுதானே' என்று அவனிடம் சொல்லாதீர்கள். உங்களுக்கு அது ஆறுதல், சந்தேகமில்லை. 2024 செப்டம்பரில் அரக்கோணத்து ட்ரோன் ஒன்று கோளாறாகி சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டபோது, அதை ஓட்டியவர்கள் கரையில் பத்திரமாக இருந்தார்கள். ஆனால் அவன் காதில் அந்த வாக்கியம் 'உன் வேலை நிஜ வேலை இல்லை' என்றுதான் விழும்.

வேலை தொடங்கிய பிறகு வேறு ஒரு பாரம் வரும். இந்த விமானங்கள் ஒரு நாளைக்கு மேலும் வானிலேயே இருக்கும், கீழே ஆட்கள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்க விமானப்படை மருத்துவர்கள் ட்ரோன் குழுக்களை ஆராய்ந்தபோது, பலரும் களைப்புக்கு முதல் காரணமாகச் சொன்னது நீண்ட வேலை நேரமும் மாறிக்கொண்டே இருக்கும் ஷிஃப்டும்தான். திரையில் பார்த்த போர்க்காட்சிகள் அதற்கு அடுத்துதான். பையன் லீவில் வந்தால் பகலில் தூங்குவான், தூங்கட்டும். என்ன பார்த்தாய் என்று கேட்காதீர்கள்; சொல்லக் கூடாத வேலை அது. தூக்கமே வரவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்று வாரக்கணக்கில் நீடித்தால், படையிலேயே மருத்துவர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போகச் சொல்லுங்கள்.

அடுத்த தடவை போன் வரும்போது வருத்தத்தைக் கிளறாமல் இரண்டே விஷயம் கேளுங்கள்: நியமனம் எத்தனை வருஷத்துக்கு, பணியில் இருந்துகொண்டே எந்தப் படிப்புக்கு அனுமதி தருவார்கள். பதிலை எனக்கு எழுதுங்கள். எந்தப் படிப்பு அவனுக்குச் சரியாக வரும் என்பதை அதை வைத்துப் பார்க்கலாம்.